கடலுக்குப் போற சாமான்

"புத்தகத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை" என்று நான் சொன்னேன். இருந்தது. பதினோராம் பக்கத்தில், தடித்த எழுத்தில், இரண்டு வரிகள். மூன்று கிழமைக்கு முன்பே அவற்றை நான் வாசித்துவிட்டேன்.

அந்தப் பொய்யைக் குருநகரில் ஒரு கோயில் மண்டபத்தில், ஊர் கூடியிருந்த இடத்தில் சொன்னேன். அதனால் சவிரிமுத்து என்ற கடற்தொழிலாளி, தான் செய்யாத பிழை ஒன்றை ஒன்பது பத்து வருடம் சுமந்து திரிந்தார். இந்தத் தொடரில் என் சிறு குறும்புகளையும் தோல்விகளையும் எழுதி வாசகர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இது அப்படிப்பட்டதல்ல.

இதை எழுத வைத்தவர் அச்சுவேலி வாசகர் ஒருவர். பழைய றேடியோக்களை நான் திருத்திய கதையை வாசித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். கலியாண மண்டபம் நடத்துபவராம். கடையில் ஒரு சோடி வோக்கி டோக்கி மலிவாகக் கிடைக்கிறது. தொழிலுக்கென்று விற்கிற ஒன்றின் விலை அதைப்போலப் பல மடங்கு. இரண்டிலும் பொத்தானை அமத்தினால் குரல் போகிறது. பிறகு ஏன் அந்த விலை?

நானும் ஒரு காலத்தில் இதைக் கேட்டேன். கேட்டதோடு நின்றிருக்கலாம். திறந்து பார்த்தேன்.

மிஞ்சிய ஆணிகள்

எண்பத்து மூன்றின் முதல் மாதங்கள். கலவரம் வெடித்த அந்த ஆடிக்கு முந்திய வாடைக்காலம். நான் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு உடுவிலில். காலையும் மாலையும் சைக்கிள்.

எதையும் திறந்து பார்ப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள வியாதி. மணிக்கூடு, தையல் மெசினின் மேல்மூடி, அப்பாவின் றேடியோ, பக்கத்து வீட்டாரின் றேடியோ. திறந்ததை மூடியும் விடுவேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆணியாவது மிஞ்சும். அம்மா அவற்றை ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்தார். நான் பட்டம் பெற்று வந்த வருடம் அந்தப் பேணி நிறைந்துவிட்டது. "உன்ரை சேட்டிபிக்கற்றை விட இதுதானடா பாரம்" என்று ஒருநாள் தூக்கிக் காட்டினார்.

ஊரில் எனக்குப் பெயர் வேறு விதமாக இருந்தது. வயரும் வல்வும் தெரிந்த மாஸ்ரர். அதனால்தான் குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு சுவாமியார் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டுச் சபை ஒன்று அங்குள்ள மீனவர் சங்கத்துக்கு இரண்டு வோக்கி டோக்கிகள், ஊர் வாயில் 'செற்', அனுப்பியிருந்தது. ஒன்று கரையில் இருக்கும், மற்றது கடலுக்குப் போகும். கொழும்பிலிருந்து அனுமதிப் பத்திரமும் வந்துவிட்டது. இந்த இரண்டும் நல்லபடி பாவிக்கப்பட்டால் பிறகு வள்ளத்துக்கு ஒன்றாக வரும் என்பது ஏற்பாடு. நான் செய்ய வேண்டியது, பாவிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுப்பதும், கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும்.

உதுக்கை என்ன தங்கமோ?

மண்டபத்து மேசையில் இரண்டும் இருந்தன. செங்கல் அளவு, செங்கல் பாரம். சுற்றிவரச் சனம். காய்ந்த வலையின் மணமும் சுருட்டு மணமும்.

"ரண்டு செற்றின்ரை விலைக்கு ஒரு புது என்ஜின் வாங்கலாம் எண்டுகினம், மாஸ்ரர். உதுக்கை என்ன தங்கமோ கிடக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"பொறுங்கோ, திறந்து காட்டுறன். தங்கமோ தகரமோ எண்டு எல்லாருமாப் பாப்பம்."

சுவாமியார் தயங்கினார். "புதுச் சாமான் மாஸ்ரர். திறக்கலாமோ?"

"ஃபாதர், நான் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதே உதைத்தானே."

புத்தகத்தை நான் அப்போது பிரித்தும் பார்த்திருக்கவில்லை.

ஆணிகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே எங்கள் வீட்டுச் சின்ன றேடியோவில் இருப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. "பாத்தியளோ? பேருக்குத்தான் காசு" என்றேன்.

வயதான ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நண்டு மாதிரி எண்டு சொல்லுங்கோ. மேலை கிடக்கிற கோதுக்குத்தான் விலை. கோது கழண்டாக் கறிக்குத்தான்" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூடியைச் சுற்றிப் பள்ளம் ஒன்றில் நூல்போல ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. திறந்தபோது அது நழுவி வெளியே வந்துவிட்டது. ஆணிமுறுக்கியின் நுனியால் திரும்ப அமுக்கினேன். கதைக்கும்போது அமத்துகிற பொத்தானுக்குப் பக்கத்து மூலையில் அது நெளிந்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். நுனி பட்டு ஒரு சிறு வெட்டு விழுந்தது. அதை நான் கண்டேன்.

இன்னொருவரும் கண்டார். அவர்தான் சவிரிமுத்து. நாற்பது வயது மதிக்கத்தக்கவர், கட்டையான மனிதர், தன் என்ஜினைத் தானே கழற்றிப் பூட்டுகிறவர். எதைத் தொடுவதற்கு முன்பும் இடுப்பில் கட்டிய சாரத்தில் கையைத் துடைப்பது அவர் பழக்கம். அன்றும் துடைத்துவிட்டு, ஆனால் தொடாமல், விரலை மட்டும் நீட்டினார்.

"மாஸ்ரர், உந்த வோஷர் உதிலை நெளிஞ்சு கிடக்குது."

"அண்ணை, உது என்ஜின் இல்லை."

திரும்பவும் சிரிப்பு. நான் மூடியைப் பூட்டினேன். ஒருவர் செற்றை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடிப்போய்க் கதைத்தார். குரல் மணி மணியாகக் கேட்டது. ஆணி ஒன்றும் மிஞ்சவில்லை என்பதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கிழமை வீட்டில் இருந்து மொழிபெயர்த்தேன். பதினோராம் பக்கத்துக்கு வந்தேன். பயிற்சி பெற்றவர் தவிர எவரும் கருவியைத் திறக்கக்கூடாது. திறக்க நேர்ந்தால் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, நீர் புகாமல் இருக்கிறதா என்று சோதித்த பின்னரே பாவிக்க வேண்டும்.

இதை எழுதினால் சுவாமியார் வாசிப்பார். வாசித்தால் கேட்பார். பத்தாம் பக்கத்தை எழுதி முடித்துப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தொடங்கினேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஒருவரும் ஒன்றும் காணவில்லை.

வாறன்

இந்த இடத்தில் ஒரு சின்னக் கதை. அந்த மூன்று கிழமையின் சந்தோசத்தையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவியில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கதைக்க முடியாது. கதைத்து முடிந்ததும் 'ஓவர்' என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். அதற்கு நான் 'முடிந்தது' என்று தமிழ் எழுதியிருந்தேன். பயிற்சி நாளில் சவிரிமுத்து செற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"மாஸ்ரர், கடலிலை நிண்டுகொண்டு முடிஞ்சுது எண்டு சொல்லேலாது."

"ஏன்?"

"ஏன் எண்டோ? நீங்கள் வீட்டாலை வெளிக்கிடேக்கை போறன் எண்டே சொல்லுறனீங்கள்?"

"அப்ப என்னத்தைச் சொல்லப் போறியள்?"

"வாறன் எண்டு சொல்லுறம்."

அப்படியே ஆயிற்று. "வலை இழுத்தாச்சு, வாறன்." "மீன்பாடு பரவாயில்லை, வாறன்." "காத்து மாறுது, கரையிலை என்ன மாதிரி? வாறன்." கோயில் மணிக் கோபுரத்தின் மேல்தட்டில் கரைச் செற்றோடு இருந்த சுவாமியாரும், "சரி அண்ணை, வாறன்" என்பார். பிள்ளைகள் தெருவில் கையைக் காதில் வைத்துக்கொண்டு ஆளுக்காள் வாறன் சொல்லி விளையாடினார்கள்.

நான் பின்னேரங்களில் அங்கே போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். தேத்தண்ணீர் தருவார்கள். மீன் தருவார்கள். சைவ வீட்டு மாஸ்ரர் என்று தெரிந்தும், "வீட்டுக்குத் தெரியாமல் இதிலை இருந்து தின்னுங்கோ" என்பார்கள். தின்றேன்.

மணிக் கோபுரத்தில்

ஒரு நாள் காலை இரண்டாம் பாடத்தின்போது குருநகரிலிருந்து ஆள் வந்தது. எல்லா வள்ளமும் வந்துவிட்டது, சவிரிமுத்துவின் வள்ளம் மட்டும் வரவில்லை. அதில் அவரும் அவர் மனைவியின் தம்பியும் இருந்தார்கள். செற்றும் அதில்தான் இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. வாடை நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

நான் கோபுரத்துப் படி ஏறிப் போனபோது கரைச் செற் சவிரிமுத்துவின் மனைவி றீற்றாவின் கையில் இருந்தது. விடியற்காலையிலிருந்து அவர்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, செற்றை வாயோடு வைத்து, ஏதோ கதைத்துக்கொண்டே இருந்தார். கூப்பிடுகிற குரலாக அது இல்லை. பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைக்கிற குரல். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

செற்றை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"சவிரி அண்ணை, மாஸ்ரர் கதைக்கிறன். கேக்குதோ? வாறன்."

இரைச்சல் மட்டும்தான். இரண்டு மூன்று முறை கூப்பிட்டேன். "என்ன மாஸ்ரர், செற்றிலையோ பிழை?" என்று சுவாமியார் மெல்லிய குரலில் கேட்டார்.

அந்த ரப்பரின் வெட்டு என் கண்ணுக்குள் அப்படியே வந்தது. வந்ததும் நான் சொன்னது இதுதான். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"செற்றிலை ஒரு பிழையுமில்லை, ஃபாதர். தண்ணிக்குள்ளை விட்டிருப்பார். சாமானின்ரை பெறுமதி தெரியாத ஆக்களிட்டை இப்பிடியானதுகளைக் குடுக்கப்படாது. உவையளுக்குத் துடுப்புப் போதும்."

சுவாமியாரும் ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. றீற்றா இன்னும் சுவரோடுதான் நின்றார். அதையும் நான் பொருட்படுத்தவில்லை.

சுவாமியார் செற்றை என் கையிலிருந்து எடுத்து மறுபடியும் றீற்றாவிடம் கொடுத்தார். நான் மூன்றாம் பாடத்துக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். என்ஜின் நின்று, வள்ளம் தெற்கே இழுபட்டு, மன்னார்ப் பக்கத்துக் கரை ஒன்றில் ஒதுங்கியிருக்கிறது. உதடு வெடித்துப் போயிருந்தாலும் உயிருக்குக் கேடில்லை.

கூட்டம்

அடுத்த ஞாயிறு அதே மண்டபம், அதே மேசை. எல்லாருக்கும் முன்னால் செற்றைத் திறந்தேன். உள்ளே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. பொத்தானுக்குக் கீழே ஒன்றுமே மிஞ்சவில்லை.

"கடல்தண்ணி போயிருக்கு" என்றேன், தீர்ப்புச் சொல்வதுபோல.

சவிரிமுத்து எழும்பினார். "மாஸ்ரர், இது கடலுக்குப் போற சாமான்தானே. கடல்தண்ணி படாமல் என்னெண்டு?"

அவர் சொன்னதுதான் சரி. அந்த விலையின் காரணம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. ஆனால் மண்டபம் சிரித்தது. அவர் கேட்ட விதத்தில் ஒரு பகிடி இருந்ததாக எல்லாரும் நினைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்பு அடங்கும் மட்டும் பொறுத்து, "அண்டைக்கு அந்த வோஷர் நெளிஞ்சு கிடந்தது. புதுசு போட வேணும் எண்டு புத்தகத்திலை ஏதும் இல்லையோ?" என்று கேட்டார்.

"புத்தகத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு இருந்துவிட்டார்.

சபைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியவனும் நான்தான். கருவி கவனமின்றிக் கையாளப்பட்டது என்று எழுதினேன். மற்ற வள்ளங்களுக்கு வரவிருந்த செற்றுகள் வரவில்லை. சவிரியால்தான் வரவில்லை என்று ஊர் சொன்னது. கடலில் அவர் பொத்தானை அமத்தி அமத்தி "ஹலோ, ஹலோ" என்று தொண்டை வறளக் கத்தியதை மச்சான்காரன் கள்ளுத் தவறணையில் நடித்துக் காட்ட, அதுவே அவர் பெயராகிவிட்டது. ஹலோ. மகள் ஜெசிந்தா ஹலோவின்ரை பெட்டை. பிறகு ஆடி வந்தது. அப்படி ஒரு கருவி கையில் இருப்பதே ஆபத்தான காலமும் வந்தது. சுவாமியார் மிஞ்சிய செற்றை உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டார். பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்த விலை

அச்சுவேலி அன்பருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, கொழும்பில் தந்திப் பகுதியில் வேலை செய்த நண்பர் ஒருவருக்கு, நடந்ததை மறைத்து, பொது அறிவுக்குக் கேட்பதுபோல ஒரு கடிதம் போட்டேன். "திறந்து பாத்து விலையை அறியிற சாமான் இல்லை உது" என்று தொடங்கி நாலு பக்கம் எழுதியிருந்தார்.

விலை உள்ளே இருப்பதற்கு மட்டும் இல்லை. தண்ணீர், தூசி, உப்புக் காற்று உள்ளே போகாமல் இருப்பதற்கு. அந்த ரப்பர் வளையம் ஒரு சதத்துச் சாமான். அது பதிகிற பள்ளத்தை மயிரிழை பிசகாமல் வெட்டுவதற்குத்தான் செலவு. விளையாட்டுச் செற்றின் பொத்தான் சில ஆயிரம் தரம் அமத்தினால் தளர்ந்துவிடும். இதன் பொத்தானை ஒருவன் வாழ்நாளெல்லாம் அமத்தலாம். மலிவான செற் சந்தையில் நிற்கிற மாதிரி, எல்லார் குரலும் அதில் வந்து விழும். நல்ல செற் தனக்குரிய அலையை மட்டும் கேட்கும். அதற்கென்று உள்ளே ஒரு படிகத்தை அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல வெட்டி வைத்திருப்பார்கள். வெயிலில் காய்ந்தாலும் குளிரில் விறைத்தாலும் அது அசையக்கூடாது. பிறகு செற்றைக் கீழே போடுவார்கள், தண்ணீர் அடிப்பார்கள், குலுக்குவார்கள். தப்பி வந்ததுதான் கடைக்கு வரும். பத்து வருடம் கழித்து அதற்கு ஒரு வளையம் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று எங்கோ ஒரு களஞ்சியத்தில் எடுத்து வைத்திருப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் விலை.

கலியாண மண்டபத்துக்கு மலிவானது போதும், அன்பரே. சமையல்கட்டிலிருந்து பதில் வராவிட்டால் நடந்து போய்க் கேட்கலாம். நடந்து போக முடியாத இடத்துக்குத்தான் மற்றது.

நண்டுக் கதை சொன்ன கிழவருக்கு என்னைவிடப் பௌதிகம் தெரிந்திருந்தது.

சந்தையில் கேட்ட பெயர்

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பது பெரும்பாடு, பற்றறி கண்ணால் காணவும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நான் மிதிப்பேன், டைனமோவில் றேடியோ பாடும், மனைவி பக்கத்தில் இருந்து செய்தி கேட்பாள். "மெல்ல மிதியுங்கோ, செய்தி வாசிக்கிறவர் ஓடுறார்" என்பாள்.

கரையோரத்தில் இருக்க முடியாமல் குருநகர்ச் சனம் உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு வந்து பள்ளிக்கூடங்களில் இருந்தது. ஒரு நாள் திருநெல்வேலிச் சந்தையில் யாரோ, "ஹலோ அண்ணை, கத்தரிக்காய் என்ன மாதிரி?" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. சாக்கு விரித்துக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வைத்துக்கொண்டு சவிரிமுத்து இருந்தார். தலை நரைத்துவிட்டது. காயைத் தொடுவதற்கு முன்பு கையைத் துடைத்தார்.

எனக்கு முன்னால் போக முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரனிடம், "ஏன் அவரை அப்பிடிக் கூப்பிடுறியள்?" என்று கேட்டேன்.

"அவரின்ரை பேர் அதுதானே."

"சொந்தப் பேர் என்ன?"

"தெரியாது ஐயா."

காய் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இதை எனக்கேன் சொல்லுறியள்?" என்றாள்.

உடுவிலுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் குருநகர் ஆட்கள் ஞாயிறு பூசை வைத்தார்கள். புதிதாக வந்திருந்த சுவாமியாரிடம் அனுமதி கேட்டு, பூசை முடிந்ததும் முன்னால் போய் நின்றேன். ரப்பர் வளையத்தை வெட்டியவன் நான். புத்தகத்தில் இரண்டு வரி இருந்தது. அதை மறைத்தவன் நான். பொய் அறிக்கை எழுதியவனும் நான். சவிரிமுத்து பிழை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் செற்றுகள் வராமல் போனது என்னால். இவ்வளவும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒருவர், "இப்ப ஏன் மாஸ்ரர்? செற்றும் இல்லை, கடலும் இல்லை" என்றார்.

இன்னொருவர், "ஹலோ, உனக்குத் தீர்ப்பு வந்திட்டுதடா!" என்றார். சனம் சிரித்தது. இந்த முறை நான் சிரிக்கவில்லை. சவிரிமுத்து சிரித்தார்.

மற்றது

வெளியே என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வோஷரைச் சொல்லிப் போட்டியள், மாஸ்ரர். சந்தோசம்."

"என்னை மன்னிக்க வேணும், அண்ணை."

"மற்றதைச் சொல்லேல்லை."

"எதை?"

"மேலை கோபுரத்திலை நிண்டு சுவாமிக்குச் சொன்னதை."

எனக்கு விளங்கவில்லை. அவர் குரலைத் தணித்தார். "எங்கடை செற் கதைக்கேல்லை, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டு கிடந்தது. பின்னேரம் பற்றறி இறங்குமட்டும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தது. நீங்கள் பொத்தானை விடாமல் அமத்திக்கொண்டு கதைச்சியள். உவையளுக்குத் துடுப்புப் போதும் எண்டியள்." ஒரு சிரிப்புச் சிரித்தார். "அப்ப எங்களிட்டைத் துடுப்பும் ஒண்டுதான் மிஞ்சியிருந்தது."

சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் அண்ணை கூட்டத்திலை சொல்லேல்லை? கேட்டது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, செற் தண்ணிக்குள்ளை விழேல்லை, பொத்தான்தான் பிழைச்சது எண்டு எல்லாருக்கும் விளங்கியிருக்குமே."

"நீங்கள் சொன்னது கேட்டது எண்டா, எல்லாம் கேட்டது எண்டுதானே அர்த்தம். விடியத் தொடங்கி றீற்றா கதைச்சவள். நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக் கதைச்ச கதை, மாஸ்ரர். கலியாணம் கட்டின நாள் தொட்டு அவள் என்னோடை அப்பிடிக் கதைச்சதில்லை. உயிரோடை வந்து நிண்டுகொண்டு, நான் கேட்டனான் எண்டு சொன்னா, அவள் பிறகு என்ரை முகத்தைப் பாப்பாளோ? வெக்கத்திலை செத்துப்போவாள். மச்சானும் அப்ப நித்திரை. அவனுக்கும் தெரியாது."

பிறகு, "பேரைச் சுமக்கலாம். அது பாரமில்லை. றீற்றாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வார்த்தைகளுக்காக மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

சேலைகளைக் கட்டி மறைத்த வகுப்பறை ஒன்றில் நாலு குடும்பம் இருந்தது. கரும்பலகைக்குக் கீழே அவர்களுடைய இடம். றீற்றா தேத்தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு பனங்கட்டித் துண்டும் தந்தார். சீனி கிடையாத காலம். எனக்குத் தந்த துண்டு பெரிது.

"அவர் மன்னிப்பார். அவர் ஆரையும் மன்னிப்பார். நான் மன்னிக்கேல்லை, மாஸ்ரர்" என்றார். குரலில் சூடு ஒன்றும் இல்லை. "குடியுங்கோ, ஆறுது."

அத்தனை வருடத்துப் பழிக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அது நியாயம்தானே என்று குடித்தேன்.

சபைக்கு உண்மையை எழுதி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். பதில் வரவில்லை. தொண்ணூற்றைந்து இடம்பெயர்வில் எல்லாரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவர்களைத் தவறவிட்டேன். சவிரிமுத்து வன்னியில் காய்ச்சலில் காலமானார் என்று வெகு காலம் கழித்து அறிந்தேன். அங்கேயும் சிலர் அவரை ஹலோ என்றுதான் கூப்பிட்டார்களாம்.

ஜெசிந்தாவோடு

றீற்றா போன வருடம் கனடாவில் மகளின் வீட்டில் காலமானார். இனிமேல் நான் கொடுத்த வாக்கு யாரையும் கட்டாது என்று நினைத்தேன். ஆனாலும் மகளிடம் கேட்காமல் எழுதக்கூடாது. இலக்கம் தேடிப் பிடித்துப் போன கிழமை கதைத்து, எழுதச் சம்மதமும் வாங்கினேன். எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில், அவருடைய அப்பாவுக்கு அன்று எல்லாம் கேட்டது என்பதையும், அம்மாவுக்கு அது தெரியாமல் அவர் காத்ததையும் சொன்னேன்.

ஜெசிந்தா கடைசிவரை கேட்டார்.

"அம்மாவுக்குத் தெரியும், மாஸ்ரர்."

"என்னெண்டு?"

"அப்பா பஸ்ஸாலை இறங்கி வந்து தண்ணிகூடக் கேக்கேல்லையாம். கறுத்தாட்டின்ரை குட்டி பால் குடிக்குதோ எண்டுதான் முதல் கேட்டவராம். ஆடு குட்டி போட்டது அப்பா கடலுக்குப் போனாப் பிறகு. அம்மா அதை வோக்கியிலைதான் சொன்னவ." அவர் சிரித்தார். "அப்பா தன்னை அறியாமல் கேட்டுப்போட்டார். அம்மா, ஓம் குடிக்குது எண்டு சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டாவாம். சாகுமட்டும் அவரிட்டைக் காட்டிக்கொள்ளேல்லை. அவருக்கு வெக்கமாப் போயிடும் எண்டு."

நானும் சிரித்தேன். அப்போது அவர் குரல் மாறியது.

"நீங்கள் சுவாமிக்குச் சொல்லேக்கை அம்மா பக்கத்திலைதானே நிண்டவ. உங்கடை பெருவிரல் பொத்தானை அமத்தினபடி இருந்ததைப் பாத்தவ. அந்த நேரம் அப்பா செத்துப்போனார் எண்டுதான் நினைச்சிருந்தவ. குட்டியைப் பற்றி அப்பா கேட்ட உடனை அம்மாவுக்கு முதல் வந்த நினைப்பு அதுதானாம்: அப்ப மாஸ்ரர் சொன்னதும் இந்த மனிசனுக்குக் கேட்டிருக்கு. வோஷருக்கு அவ ஒருநாளும் கோவிக்கேல்லை."

அன்று வகுப்பறையில் றீற்றா எனக்குச் சொன்னதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. புருசனிடம் கேட்டது வீட்டுக்கே கேட்டதாகும் என்று எண்ணி, அவர் தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

தொலைபேசியில் ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது அம்மாட்டைக் கேட்டிருக்க வேண்டியது, மாஸ்ரர்" என்றார்.